வீடு முழுக்க வாந்தி, பேதி: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

வீட்டில் ஒருவருக்கு வாந்தி என்றால் கவனிக்க ஆள் இருக்கும். எல்லாருக்கும் வந்துவிட்டால், யார் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதனால் மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு தாளைக் கோடு போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பெயர், முதல் வாந்தி வந்த நேரம், கடைசி வாந்தி வந்த நேரம், பேதி எத்தனை முறை, குடித்தது எத்தனை மில்லி, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், கொடுத்த மருந்தும் அளவும். கீழே வரும் முடிவுகளில் பாதி இந்தத் தாளைப் பார்த்து எடுப்பவைதான். நள்ளிரவில் காய்ச்சல் மருந்தை அப்பா ஒரு வேளை, அது தெரியாமல் அம்மா ஒரு வேளை என்று இரண்டு முறை கொடுத்துவிடுவதையும் இது தடுக்கும்.

வீடு முழுக்கப் பரவும் வாந்தி, பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். இந்த வைரஸ்களைக் கொல்லும் மாத்திரை எதுவும் கிடையாது. நோரோ வைரஸ் என்றால் பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் தானாகவே அடங்கும். குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் 3 முதல் 8 நாள் வரை இழுக்கும். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும், அடுத்தவருக்குப் பரவாமல் மறிப்பதும்தான் நம் கையில் இருப்பவை.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா, ஒருவர் பின் ஒருவராக வந்ததா?

ஒருவருக்கு வந்து, ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் கழித்து அடுத்தவருக்கு வந்தால் அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் வைரஸ். நோரோ வைரஸ் உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். இன்னும் நோய் வராதவர்கள் இந்த இரண்டு நாளை எண்ணிக்கொண்டு தயாராக இருக்கலாம்.

சேர்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் சில மணி நேரத்துக்குள் ஒன்றாக வாந்தி தொடங்கினால் சந்தேகம் சாப்பாட்டின் மேல். ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா உணவில் விட்டுவைத்த நச்சு அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். அடங்குவதும் வேகமாக, பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். மீந்ததை மறுபடி சூடாக்கிப் பயனில்லை, அந்த நச்சு கொதித்தாலும் அழியாது. பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை கூடவே இருந்தால் அது வேறு வகை நச்சு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று, பலருக்குத் தோன்றாதது. வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, குமட்டல், வாந்தி. ஆனால் பேதியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெளியே போனால் தேவலை, உள்ளே வந்தால் மறுபடி. கரி அடுப்பு, ஜெனரேட்டர், ஹீட்டர் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு வயிற்றுக் கோளாறு போலவே வேஷம் போடும். எல்லாரும் வெளியே வந்துவிட்டு, அப்புறம் அவசர உதவியை அழையுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம்

வாந்தி பச்சை நிறமாக இருப்பது, முக்கியமாகக் கைக்குழந்தைக்கு, குடல் அடைபட்டிருக்கலாம். வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு மலம். எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், பேச்சில் குழப்பம். கழுத்து விறைத்துத் தலைவலி. விட்டுவிட்டுப் பிசையாமல் ஒரே இடத்தில், குறிப்பாக வலது அடிவயிற்றில், நிலைத்துக் கூடிக்கொண்டே போகும் வலி. பேதி இல்லாமல் வாந்தி மட்டும், கூடவே மூச்சு வேகமாக வாங்குவது. இது சர்க்கரை நோயின் முதல் வெளிப்பாடாகக்கூட இருக்கலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வாந்தி பேதி என்றால் மற்ற அடையாளம் எதற்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

குடித்ததெல்லாம் உடனே வெளியே வருகிறது

பெரும்பாலும் அளவுதான் காரணம். வாந்தி எடுத்தவருக்குத் தாகம் பிடுங்கும். ஒரு டம்ளர் நீரை ஒரே மூச்சில் குடிப்பார். வீங்கிய இரைப்பை அதை அப்படியே திருப்பி அனுப்பும். அதைப் பார்த்து ‘எதுவும் தங்கவில்லை’ என்று நிறுத்திவிடுவது அடுத்த தவறு.

வாந்தி வந்ததும் 10 நிமிடம் எதுவும் கொடுக்காமல் விடுங்கள். பிறகு ஓஆர்எஸ் கரைசலை (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பாக்கெட் தூளை நீரில் கலந்தது) ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. குழந்தைக்கு ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாக விடுவது கரண்டியைவிடச் சுலபம். நாக்கின் மேல் பீய்ச்சினால் குமட்டும். ஒரு டீஸ்பூன் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 150 மில்லி, நாலு மணி நேரத்தில் 600 மில்லி. ஓரளவு நீர் வற்றிய குழந்தைக்கு முதல் நாலு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 10 கிலோ குழந்தைக்கு அது 750 மில்லி. முதல் ஒரு மணி நேரம் டீஸ்பூனில் தங்கிவிட்டால் அளவை 10 மில்லியாக்குங்கள், 750ஐ எட்டிவிடலாம். நடுவில் மறுபடி வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்துப் பழைய ஒரு டீஸ்பூனுக்கே திரும்புங்கள். வாந்தியில் எவ்வளவு போனாலும் கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும்.

பெரியவர்களுக்கும் இதே முறைதான், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று வாய். தனக்கே வாந்தி வரும் நிலையில் குழந்தைக்கு ஊட்டுபவர், தன் பங்கை மறந்துவிடுவார். குழந்தைக்கு ஒரு சிரிஞ்சு, தனக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் ஆகும்.

இந்த முறையில் நாலைந்து மணி நேரம் பொறுமையாகக் கொடுத்தும் ஒன்றுமே தங்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம். வாந்தியை நிறுத்த அங்கே ஒரு வேளை ஒன்டான்செட்ரான் கொடுக்கக்கூடும். போன தடவை மிஞ்சியது என்று அலமாரியில் இருப்பதை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். எடைக்கும் இதயத் துடிப்புக்கும் ஏற்ப முடிவு செய்ய வேண்டிய மருந்து அது.

கரைசல் கலப்பதில் நடக்கும் கோளாறு

கலக்கும் முன் பாக்கெட்டில் எத்தனை தண்ணீருக்கு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 1 லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கொட்டினால் ஐந்து மடங்கு உப்பு. அது இரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும். குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகலாம். பாதி பாக்கெட்டைக் கண்ணளவில் பிரித்துக் கலப்பதும் சரிப்படாது, தூளுக்குள் உப்பும் சர்க்கரையும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முழு பாக்கெட், சரியான நீர், அவ்வளவுதான். 24 மணி நேரம் ஆன மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பதும் வேண்டாம், கலந்த பிறகு கொதிக்க வைப்பதும் வேண்டாம்.

பாக்கெட் கைக்கு வரும்வரை வீட்டில் கலக்கலாம்: கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தலைதட்டிய டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், அதுவும் தலைதட்டி. கத்தியின் முதுகால் வழித்து அளக்க வேண்டும். உப்பைக் குவித்து எடுத்தால் இரட்டிப்பாகிவிடும். கலந்ததை ருசித்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிடுங்கள். இதில் பொட்டாசியம் இல்லை என்பது குறை. அதனால் பாக்கெட் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுவது மேல்.

சர்க்கரை எதற்கு என்றால், ருசிக்கு அல்ல. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக மட்டுமே நுழையும் ஒரு வழி உண்டு. அவை போகும்போது நீரும் கூடவே இழுபடும். பேதி கொட்டும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் இருந்த முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் பற்றாமல் போனபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குழுவினர் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுத்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2002 முதல் பரிந்துரைக்கப்படும் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல், இரண்டும் சரிசமம். குளிர்பானத்திலும் பழச்சாற்றிலும் இந்தச் சமன் கிடையாது. சர்க்கரை அதிகம், சோடியம் சொற்பம். மிஞ்சும் சர்க்கரை உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். விளையாட்டு வீரர்களுக்கான பானமும் ஏறக்குறைய அந்தக் கூட்டம்தான். வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் போன உப்பு திரும்பாது.

வாந்தி நின்றுவிட்டது, பேதி நிற்கவில்லை

இது வழக்கமான வரிசைதான். ஒவ்வொரு பேதிக்கும் ஈடு கட்டுங்கள்: இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் குடிக்க முடிகிற அளவு.

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்குப் பயணம் போன்ற கட்டாயத்தில் உதவும். ஆனால் காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அவர்களும் தொடக்கூடாது, வெளியேற வேண்டிய கிருமியைக் குடலுக்குள் பூட்டி வைத்தது போல ஆகும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, பேதியைத்தான் நீட்டும். ஐந்து வயதுக்குள் குழந்தை என்றால் ஜிங்க் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்: ஆறு மாதத்துக்குக் கீழ் தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 10 முதல் 14 நாள் வரை. பேதி நின்ற பிறகும் முழு நாளையும் முடிக்க வேண்டும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பேதி 7 நாளைத் தாண்டினால் மலப் பரிசோதனை தேவை. வைரஸ் அவ்வளவு நாள் இருப்பது குறைவு.

பேதியில் இரத்தம்

இது பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக வீட்டில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்காதீர்கள். ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியா என்றால், ஆன்டிபயாட்டிக் சிறுநீரகம் தாக்கப்படும் அபாயத்தைக் கூட்டக்கூடும். பேதி அடங்கிவந்த சில நாளில் குழந்தை வெளிறிப்போய், சிறுநீர் குறைந்து, சோர்ந்து கிடந்தால் அந்தத் தாக்குதலின் அடையாளம் அதுதான். ‘பேதிதான் நின்றுவிட்டதே’ என்று விட்டுவிடக் கூடாத இடம்.

சிறுநீரைக் காணோம்

தாளில் கடைசி நேரத்தைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு 6 மணி நேரம், பெரிய குழந்தைக்கு 8 மணி நேரம் தாண்டிவிட்டால் நீர் பற்றவில்லை. டயப்பரில் நீர்ப்பேதியும் சிறுநீரும் கலந்துவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது வாயைப் பாருங்கள்: விரலை உள்கன்னத்தில் வைத்தால் பிசுபிசுப்பாக இருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிய வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால் வீட்டு வைத்தியத்தின் எல்லை தாண்டிவிட்டது.

பெரியவர்களுக்கு நிறமே போதும், இளமஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்த தேன் நிறமானால் இன்னும் குடிக்க வேண்டும்.

குழந்தை கரைசலைத் துப்புகிறது

நன்றாக நீர் வற்றிய குழந்தை உப்புச் சுவையைப் பொருட்படுத்தாமல் குடிக்கும். முகம் சுளித்துத் துப்ப வலு இருக்கிறது என்றால் நிலைமை இன்னும் மோசமாகவில்லை என்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். குளிர வைத்துக் கொடுங்கள், அல்லது ஐஸ் குச்சியாக உறைய வைத்து நக்க விடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. புட்டிப்பால் என்றால் வழக்கமான அளவிலேயே கலக்குங்கள். நீர்க்கக் கலப்பது பழைய பழக்கம், அதில் பலன் இல்லை.

காய்ச்சல், உடம்பு வலி

பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கூடாது. சிரப்பின் வீரியம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 5 மில்லியில் எத்தனை மி.கி. என்று லேபிளைப் பார்த்த பிறகே அளங்கள். ஐபுபுரூஃபன் இப்போது வேண்டாம், நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் எந்தக் காய்ச்சலுக்கும் கூடாது.

மூத்தவர்கள்: எழுந்ததும் தலை சுற்றுகிறது

வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கியிருக்கும். கேட்டால் ‘வேண்டாம்’ என்பார்கள். கேட்காமல் கையில் கொடுங்கள். இரவில் கழிவறைக்கு ஓடும்போது விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு, கட்டிலருகே ஒரு வாளி வைத்துவிடுங்கள்.

அவர்களுடைய தினசரி மாத்திரைகளைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், மெட்ஃபார்மின், ‘ஃபுளோசின்’ என்று பெயர் முடியும் சர்க்கரை மாத்திரைகள் இவை நீர் வற்றிய நேரத்தில் சிக்கல் கொடுக்கும். சில நாள் நிறுத்த வேண்டுமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இன்சுலினை மட்டும், சாப்பிடவில்லை என்பதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இதயம் பலவீனமானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் கரைசலின் அளவையும் கேட்டே கொடுக்க வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் விழுங்கி 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்குச் சரியாகிறது, அடுத்தவருக்கு வந்துவிடுகிறது

சானிடைசர் பாட்டிலை நம்பியதுதான் பெரும்பாலும் காரணம். நோரோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் அதைச் சரியாக அழிக்காது. சோப்பு, ஓடும் நீர், 20 விநாடி தேய்ப்பு, அதிலும் நகக்கண்ணும் கட்டைவிரலும்.

வாந்தி விழுந்த இடத்தைத் துடைக்கும் முறை இது. மற்றவர்களை அறையிலிருந்து அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறங்கள். நுண்துளிகள் தெரிவதைவிடத் தூரம் தெறித்திருக்கும். கையுறை போட்டு, மேலே காகிதத்தைப் பரப்பி ஊற விட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்துப் பைக்குள் கட்டுங்கள். பிறகு சோப்பு நீரால் ஒரு முறை. பிளீச் வருவது அதற்குப் பிறகுதான். அழுக்கின் மேல் நேராக ஊற்றினால் குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். 5 சதவீத பிளீச் என்றால் லிட்டர் நீருக்கு 100 மில்லி. கதவுப் பிடி, சுவிட்ச், குழாய்த் திருகு, ரிமோட் போன்ற தொடும் இடங்களுக்கு 20 மில்லி போதும், இதைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். 5 நிமிடமாவது ஈரமாக இருக்க விட்டு, பிறகு தண்ணீரால் துடையுங்கள். அன்றன்றைக்குக் கலந்தது மட்டும். கழிவறை ஆசிட், வினிகர், அம்மோனியா எதனோடும் பிளீச்சைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அழுக்குத் துணியை உதறாமல் சுருட்டி, துணி தாங்கும் அதிகபட்ச சூட்டில் துவையுங்கள். கழிவறை மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். இரண்டு கழிவறை இருந்தால் ஒன்றை நோயாளிகளுக்கே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, தனி டம்ளர். நோயாளியைத் தொடுபவர் சமைக்கக் கூடாது. ஒரே ஆள்தான் இரண்டும் என்றால், சமையலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கழிவறை வேலைக்குப் போங்கள்.

பசிக்கிறது, எதைக் கொடுப்பது?

வாந்தி நின்று சில மணி நேரத்தில் பசித்தால் சாப்பிடலாம், குடலை ‘ஓய்வாக’ போடத் தேவையில்லை. குழைய வேகவைத்த சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ரொட்டி என்று தொடங்குங்கள். ஆனால் நாள்கணக்கில் அதிலேயே நிற்க வேண்டாம். பருப்பு, முட்டை என்று புரதமும் சீக்கிரம் வரட்டும். எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

சரியாகிவிட்டது, பால் குடித்தால் மட்டும் மறுபடி பேதி

குடலின் மேல்படலம் உரிந்துபோனதால் பால்சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். புதிய தொற்று அல்ல. ஒன்றிரண்டு வாரம் பாலைக் குறைத்துத் தயிரை வைத்துச் சமாளிக்கலாம். தாய்ப்பாலுக்கு இது பொருந்தாது, அதை நிறுத்தக் கூடாது.

எப்போது பள்ளிக்கு, வேலைக்கு?

கடைசி வாந்தி அல்லது பேதியிலிருந்து முழுதாக 48 மணி நேரம் கழித்து. காலையில் தெம்பாக எழுந்தான் என்று அனுப்பிவைத்தால் வகுப்புக்கே வினியோகமாகும். சமையல் வேலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. நீச்சல் குளத்துக்கு இரண்டு வாரம் போகாமல் இருப்பது நல்லது. ஆள் நன்றாக நடமாடினாலும் மலத்தில் நோரோ வைரஸ் இரண்டு வாரமும் அதற்கு மேலும் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் கழிவறைக்குப் பின் சோப்புப் போட்டுக் கழுவுவதை அந்தக் காலம் முழுக்க யாரும் விடக் கூடாது.